பையைப் பார்த்துக்கொள்ள பாட்டி எதற்கு?

ராட்டினம் சுற்றலாம் - வாராவாரம்

எந்த தீம் பார்க்குக்கு வேண்டுமானாலும் போங்கள். காலை பதினோரு மணிக்கு, நிழலில் இருக்கும் பெஞ்சுகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு பை, பக்கத்தில் இரண்டு பை, காலடியில் ஏழெட்டு ஜோடி செருப்பு. கையில் யாருடைய கண்ணாடியோ, யாருடைய வாட்ச்சோ. பெரும்பாலும் அவர் ஒரு பாட்டியாக இருப்பார். இல்லையென்றால் ஒரு பெரியம்மா, அல்லது கைக்குழந்தையோடு ஓர் அம்மா. அவருக்கும் டிக்கெட் எடுத்திருப்பார்கள். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பாருங்கள். அதே பெஞ்ச், அதே ஆள்.

எனக்கு தீம் பார்க் என்றால் பைத்தியம். 1996-ல் பள்ளிச் சுற்றுலாவில் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி, தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவுக்குப் போனபோது பிடித்த பைத்தியம் அது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பித்த பூங்கா என்று பஸ்ஸில் டீச்சர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கொச்சியில் வீகாலேண்ட் (இன்றைய வொண்டர்லா), ஈ.சி.ஆரில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், ஒருமுறை சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி, "எந்த ரைடு பெஸ்ட்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டில் யார் பையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?" இந்த வாரம் அதைப் பற்றியே பேசிவிடலாம்.

டிஸ்னியும் ஒரு பெஞ்சும்

தீம் பார்க் என்ற யோசனையே ஒரு பெஞ்சில் பிறந்ததுதான். வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப்போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். 'பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் ஏன் இல்லை?' என்று அங்கே தோன்றியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி உள்ளே கூட்டிப் போகத்தான் இந்த ஏற்பாடே. எழுபது வருடம் கழித்தும் நம் வீட்டில் ஒருவரை டிக்கெட் வாங்கி பெஞ்சில் உட்கார வைக்கிறோம் என்றால், பாதிப் பணம் வீண்தானே?

ரைடு பட்டியலுக்கு முன்னால் ஆள் பட்டியல்

முதல் நாள் இரவு ஒரு பேப்பரை எடுங்கள். வருகிற எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, 'இவர் கட்டாயம் போக வேண்டியது' என்று இரண்டே இரண்டு எழுதுங்கள். அது ரோலர் கோஸ்டராக இருக்கலாம், பொம்மை ரயிலாக இருக்கலாம், அலைக்குளத்தின் ஓரத்தில் கால் நனைப்பதாகவும் இருக்கலாம். ஏழு பேர் என்றால் பதினான்கு வரி. அன்றைய நாள் அந்தப் பதினான்குக்கும் இடம் தந்தால் போதும். மீதி எல்லாம் லாபம்.

எழுதும்போது, "எனக்கெதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு உரியவர்தான் நாளைக்கு பெஞ்சில் உட்காரப் போகிறவர். அவர் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதிவிடுங்கள்.

பைக்கு லாக்கர்

பெரும்பாலான பூங்காக்களில் லாக்கர் உண்டு. வாடகை ஒரு தொகை, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் ஒரு தொகை என்று வாங்குவார்கள். அந்த வாடகையை மிச்சப்படுத்துவதற்காக, அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள டிக்கெட் வாங்கிய ஒருவரைக் காவலுக்கு வைப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லாக்கர் சின்னதாகத்தான் இருக்கும். அதனால் வீட்டிலேயே பையைக் குறையுங்கள். மாற்று உடை, துண்டு இரண்டையும் ஆளுக்கொரு துணிப்பையில் சுருட்டி வைத்தால் ஒரு லாக்கரில் நான்கு பேருடையது அடங்கும். வளையல், ஜிமிக்கி, செயின் எல்லாம் வீட்டு பீரோவில் இருக்கட்டும். தாலிச் செயினைக் கழற்ற விரும்பாதவர்கள் அதில் மாட்டியிருக்கும் ஊக்குகளையாவது எடுத்துவிட்டு, உடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

லாக்கர் கிடைக்காத இடத்தில் முறை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருவர். பதின்மூன்று வயதுப் பையனுக்கும் அதில் ஒரு முறை உண்டு. அலாரம் அடித்ததும் ஆள் மாற வேண்டும்.

அம்மிச்சியும் அலைக்குளமும்

பெண்கள் பெஞ்சில் தங்கிவிடுவதற்குப் பை ஒரு சாக்கு. உண்மையான காரணம் பல நேரம் உடை.

தண்ணீர்ப் பகுதியில் சேலை, துப்பட்டா, ஜீன்ஸ், பருத்தி உடைகளைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடித்து கனமாகிவிடும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். தொங்கும் துணி சறுக்கின் இணைப்புகளில் சிக்கலாம், காலைச் சுற்றலாம். அதனால் நைலான், பாலியெஸ்டர் மாதிரியான உடை கேட்பார்கள். அங்கேயே வாங்கவும் கிடைக்கும், ஆனால் நமக்குப் பொருந்துகிற அளவும், நமக்குக் கூச்சமில்லாத நீளமும் கிடைப்பது அதிர்ஷ்டம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பேர் ஒரு வேனில் பிளாக் தண்டர் போனோம். என் அம்மிச்சிக்கு அப்போது 71 வயது. வாழ்நாளில் சேலையைத் தவிர வேறு கட்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் நல்ல மரநிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பார்த்துக்கறேன்."

என் சித்தி முன்கூட்டியே ஒரு வேலை செய்து வைத்திருந்தார். முழுக்கை வைத்த கறுப்பு டி-ஷர்ட், கணுக்கால் வரை வரும் கறுப்பு பேன்ட், இரண்டும் பாலியெஸ்டரில், அம்மிச்சி அளவுக்கு. "பை லாக்கருக்குப் போயாச்சும்மா. கால் மட்டும் நனைச்சுட்டு வந்துடலாம், வாங்க" என்றார். அம்மிச்சிக்கு ஒரே கவலை: "ஊர்க்காரங்க யாராச்சும் பார்த்துட்டா?" உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தபோது தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அதே மாதிரி உடையில் திரிந்ததைப் பார்த்ததும், துண்டு பத்து நிமிடத்தில் இடுப்புக்கு வந்தது, அப்புறம் காணாமல் போனது.

அலைக்குளத்தில் அலை வருமுன் ஒரு சங்கு ஊதுவார்கள். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் காற்றை அழுத்தி விட்டுத்தான் பொதுவாக இந்த அலையை உண்டாக்குகிறார்கள். ஓரத்துக்கு வரும்போது முழங்கால் அளவுக்கு அடங்கிவிடும். அந்த ஓரத்தில் அம்மிச்சி உட்கார்ந்திருந்தார். முதல் அலை வந்து போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னொருக்கா வருமா?"

பெரியவர்களுக்கு உடையை முன்கூட்டியே வாங்கி, வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். பெண்களுக்கென்று தனிக் குளம் வைத்திருக்கும் பூங்காக்களும் உண்டு, போன் செய்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு யார் காவல்?

இந்தப் பத்தியில் மிக முக்கியமான விஷயம் இதுதான். பைக்கு ஓர் ஆளை வைக்கிற நாம், குளத்தில் இருக்கும் குழந்தைக்கு ஆள் வைக்கிறோமா? 'எல்லோரும் கூடத்தானே இருக்கிறோம்' என்று ஆறு பெரியவர்கள் நினைப்பார்கள். ஆறு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டி, கத்தி யாரும் மூழ்குவதில்லை. மூச்சுக்கே இடமில்லாதபோது சத்தம் எப்படி வரும்? இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்திலேயே, சத்தமில்லாமல் அது நடந்துவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இப்போ நான் பார்க்கிறேன்." அவர் செல்ஃபி எடுக்கக் கூடாது, போன் பேசக் கூடாது, குழந்தைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்க வேண்டும். கால் மணி கழித்து அடுத்தவர், "இனி நான்" என்று சொன்ன பிறகுதான் அவர் நகரலாம். நீச்சல் தெரியாத எல்லோருக்கும், பெரியவர் உட்பட, லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். உயிர்காப்பாளர் நிற்கிறார் என்பது கூடுதல் பாதுகாப்பு. அவர் பார்ப்பது நூறு தலைகளை, நாம் பார்ப்பது ஒன்றை.

உயரம் என்பது தண்டனை இல்லை

பல பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டே வயதை வைத்துத் தருவதில்லை, உயரத்தை வைத்துத்தான். பெரிய ரைடுகளுக்கும் உயர வரம்பு உண்டு. சிங்கப்பூர் யுனிவர்சலில் 'மம்மி' கோஸ்டருக்கு 122 செ.மீ. வேண்டும். உடம்பைப் பிடித்து வைக்கும் கம்பி அந்த அளவுக்குக் கீழே சரியாகப் பொருந்தாது என்பதுதான் காரணம்.

நாற்பது நிமிடம் வரிசையில் நின்றுவிட்டு, வாசலில் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பும்போது குழந்தை அழுவது ரைடுக்காக மட்டுமல்ல. அண்ணன் உள்ளே போகிறான், தான் மட்டும் வெளியே என்பதற்காக. எனவே வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்துவிடுங்கள். பூங்காவின் இணையதளத்தில் உயரம் போட்டிருப்பார்கள். 'இது உனக்கு இந்த வருஷம், அது அடுத்த வருஷம்' என்று அங்கேயே பேசி முடித்துவிட்டால் வாசலில் அழுகை இருக்காது. குதிகால் உயரமான ஷூ போட்டு ஏமாற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கைக்குழந்தை இருக்கும் தம்பதிகளுக்கு ஒரு நல்ல செய்தி. யுனிவர்சலில் 'சைல்டு ஸ்வாப்' என்றும், டிஸ்னியில் 'ரைடர் ஸ்விட்ச்' என்றும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் போய்விட்டு வரும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருக்கலாம். பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் அவர் போகலாம். நம் ஊரில் இதற்குப் பெயர் இல்லாவிட்டாலும், கூட்டம் குறைந்த நேரத்தில் ஆபரேட்டரிடம் தன்மையாகக் கேட்டால் எனக்குப் பல முறை கிடைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய. டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே இழுத்துப் போகும் 'லேசி ரிவர்', பொம்மை ரயில், குதிரை ராட்டினம், மெதுவாகச் சுற்றும் ராட்சத ராட்டினம், 3டி தியேட்டர். வி.ஜி.பி.யில் எவ்வளவு சிரிப்புக் காட்டினாலும் அசையாத 'சிலை மனிதர்' பிரபலம். அவர் முன்னால் அரை மணி நேரம் நின்று, பேரன்களைவிட அதிகமாகச் சேட்டை செய்த தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கழுத்து, முதுகு வலி, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் - இவர்களுக்கு வேகமான ரைடுகள் கூடாது. ஒவ்வொரு ரைடு வாசலிலும் பலகை இருக்கும், படித்துவிட்டுப் போங்கள். வயது ஏற ஏற வேகத்தைவிடச் சுழற்சிதான் அதிகம் படுத்தும். நாற்பதைத் தாண்டியவர்கள் தட்டுபோலச் சுற்றும் ரைடை விட்டுவிட்டு, நேராக ஓடும் ரைடில் ஏறினால் வாந்தி, தலைசுற்றல் குறையும்.

மூத்த குடிமக்களுக்குச் சலுகை தரும் பூங்காக்கள் உண்டு. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

பயந்தவர்கள் எங்கே உட்காரலாம்?

'கொலம்பஸ்' கப்பலில் இரண்டு முனைகளும்தான் அதிக உயரம் போகும். பயம் உள்ளவர்கள் நடுவில் உட்காருங்கள். ரோலர் கோஸ்டரிலும் நடுப்பெட்டி கொஞ்சம் சாது. முன்பெட்டியில் காட்சி நன்றாக இருக்கும். கடைசிப் பெட்டிதான் பள்ளத்தில் இறங்கும்போது வயிற்றைக் கலக்கும், முன்பெட்டிகள் அதை இழுத்துக்கொண்டு விழுவதால்.

சங்கிலி இழுக்கும் கோஸ்டரில் மேலே ஏறும்போது 'கடகட கடகட' என்று ஒரு சத்தம் கேட்கும். ஏதோ உடைகிறது என்று பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கொக்கியின் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்கிறவரை நிம்மதியாக இருங்கள் என்று நான் சொல்வேன்.

ஏறியதும் கம்பியை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் வண்டி நகரும் முன் கையை உயர்த்திக் கத்துங்கள். ரைடு பாதியில் நின்றுவிட்டால் இறங்க முயலாதீர்கள், உட்கார்ந்த இடம்தான் பத்திரம். கோ-கார்ட்டில் பின்னல் சக்கர அச்சில் சிக்கி உயிர் போன விபத்துகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. நீளமான முடியைக் கொண்டை போட்டு, ஹெல்மெட்டுக்குள் அடக்காமல் ஏறவே கூடாது. துப்பட்டாவுக்கும் இதே சட்டம்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

* திறக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். எல்லோரும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் குவிவார்கள். நீங்கள் நேராகக் கடைசிக்குப் போய், அங்கிருந்து முன்னால் வாருங்கள்.
* பெரிய உலர் ரைடுகளைக் காலையில் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர்ப் பகுதி. மாலையில் மறுபடி சின்ன ரைடுகள்.
* சாப்பாட்டுக்கு 12 மணிக்கு முன் அல்லது இரண்டரைக்கு மேல் போங்கள். வெளி உணவைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. குழந்தை உணவும் மருந்தும் கொண்டுபோகலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
* தண்ணீரிலேயே இருந்தாலும் உடம்பு வற்றும். மணிக்கொரு முறை எல்லோரையும் தண்ணீர் குடிக்க வையுங்கள்.
* ஏப்ரல், மே மாதங்களில் சிமென்ட் தரை தோசைக்கல். ரப்பர் செருப்பு அவசியம்.
* காணும் பொங்கல், மே மாத ஞாயிறுகளைத் தவிர்க்கலாம். வார நாள் என்றாலும், பள்ளிச் சுற்றுலாக்கள் எத்தனை வருகின்றன என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.
* தண்ணீர்ப் பகுதியில் யார் கையிலும் போன் இருக்காது. 'ஒரு மணிக்கு இந்த யானை பொம்மைக்குக் கீழே' என்று இடமும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கையில் பேனாவால் போன் நம்பர், அன்றைய உடையோடு காலையில் ஒரு போட்டோ.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் சென்னை வொண்டர்லாவும் திறந்திருக்கிறது. இந்த லீவுக்குப் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். டிக்கெட் போடும் முன், வீட்டில் இருக்கும் பெரியவரிடம் போய் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உங்களுக்கு டி-ஷர்ட் என்ன சைஸ்?"

அடுத்த வாரம்: ஊர்த் திருவிழா, பொருட்காட்சி ராட்டினங்களில் ஏறும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?